பிள்ளையின் ரிப்போர்ட்டில் விற்றமின்கள் எல்லாம் ‘கூட’: எதை உடனே பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது?

கேள்வி: மகளுக்கு 7 வயது, 22 கிலோ. ஜூலையில் டெங்கு வந்து வாட்டில் இருந்தாள். ஒக்டோபரில் இருந்து தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது, சோர்வாகவும் இருக்கிறாள். கனடாவில் இருக்கும் என் அக்கா முடிக்கென்று கம்மி மிட்டாய் அனுப்பினார். ஒன்றில் பயோட்டின் 2,500 மைக்ரோகிராம் என்று இருக்கிறது, நாளைக்கு இரண்டு கொடுக்கிறேன். அவரே விற்றமின் டி சொட்டுமருந்தும் நாலு போத்தல் அனுப்பினார் (10 மில்லிலீற்றர், 365 துளி, ஒரு துளி 400 ஐயூ). முன்பு இங்கே வாங்கிய மருந்தைப் போல இதையும் ஒரு மில்லி கொடுக்கிறேன். நாலாவது போத்தலும் முடியப் போகிறது. இவற்றோடு மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பி கொம்ப்ளெக்ஸ் சிரப், இரண்டு வேளை மோல்ட் பானம். போன வாரம் தனியார் லாப் ஒன்றில் ‘விற்றமின் பெக்கேஜ்’ எடுத்தோம். பி12 1,480 (197–771), விற்றமின் டி 112 (30–100), ஃபோலேட் ‘20க்கு மேல்’, ரீ.எஸ்.எச். 0.18, ஃப்ரீ ரீ4 2.4. தைரொய்ட் கூடியிருக்கிறது என்கிறார்கள். பி12 கூடினால் இரத்தப் புற்றுநோய் என்று கூகிளில் போட்டிருக்கிறது. பாலை நிறுத்தவா? 10 மாத மகனுக்கும் அதே சொட்டுமருந்தில் அரை மில்லி கொடுக்கிறேன். அவன் இப்போது சரியாகப் பால் குடிப்பதில்லை, மலமும் இறுகிப் போகிறது. பல் முளைப்பதாலா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் கடைசியாக இருக்கும் வரிதான் எனக்கு முதலாவது. மகனைப் பற்றிய பகுதியைத் தொலைபேசியில் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டோம். மற்றப் பெற்றோருக்கும் தேவைப்படும் என்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

10 மில்லிலீற்றரில் 365 துளி என்றால் ஒரு மில்லிலீற்றரில் 36 துளிக்குக் குறையாது. துளிக்கு 400 ஐயூ (விற்றமினை அளக்கும் சர்வதேச அலகு) என்றால் ஒரு மில்லியில் 14,400 ஐயூ, அரை மில்லியில் 7,200. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 400 ஐயூ. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு மேல் எல்லை 1,500. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேவை 600, மேல் எல்லை 3,000. ஆக, இரண்டு பிள்ளைகளுமே எல்லையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வாங்கியிருக்கிறார்கள். இங்கே நீங்கள் முன்பு வாங்கிய மருந்தில் ஒரு மில்லிக்கே 400 ஐயூ இருந்திருக்கும். புதியதில் ஒரு துளிக்கு 400. பழைய போத்தலின் உறிஞ்சியால் புதிய மருந்தை அளந்ததுதான் பிழைத்த இடம். சரியாகக் கொடுத்திருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு போத்தல் ஒரு வருடம் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது ஒரு வாரம்தான் தாங்கியிருக்கிறது. சொட்டுமருந்து எதிர்பார்த்ததை விட விரைவாக முடிகிறதென்றால் லேபலை மீண்டும் வாசியுங்கள்.

நாலு போத்தல் கணக்கில் மகனுக்கு ஒரு மாதத்துக்குள் 1¾ இலட்சம் ஐயூக்கு மேல் போயிருக்கிறது. ரிக்கெற்ஸ் என்ற எலும்பு நோய் உள்ள இந்த வயதுக் குழந்தைக்கே நாளொன்றுக்கு 2,000 ஐயூ வீதம் மூன்று மாதம்தான் கொடுப்போம், மொத்தம் 1,80,000. மூன்று மாதச் சிகிச்சை ஒரு மாதத்துக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்லிவிட முடியாது, பல குழந்தைகள் இந்த அளவையும் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் பால் குடிக்க மறுப்பதும் மலம் இறுகுவதும் இரத்தத்தில் கல்சியம் கூடும்போது குழந்தையிடம் முதலில் தெரிகிற இரண்டு அறிகுறிகள். அவற்றோடு சத்தி, அடிக்கடி நப்பி நனைதல், உடம்பு தளர்ந்து போதல், நிறை ஏறாமை ஆகியவையும் வரும். பல் முளைப்பதால் மலம் இறுகாது. இன்றே களுபோவில போதனா வைத்தியசாலைக்கோ பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ கொண்டு போங்கள். கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தை எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்தாலோ திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையும், அளந்த உறிஞ்சியையும், குழந்தையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். “விற்றமின் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னால் வெளிநோயாளர் பிரிவில் அது காதில் விழாமலே போய்விடும். “ஒரு மாதமாக நாளுக்கு 7,200 ஐயூ டி” என்று சொல்லுங்கள்.

அங்கே எடுக்க வேண்டியது கல்சியம், இரத்தத்தில் அதைச் சுமக்கும் புரதமான அல்புமின், பொஸ்பேற், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் கல்சியத்துக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம். விற்றமின் டி அளவை மகனுக்கும் எடுக்கலாம்தான், ஆனால் முடிவு எடுப்பது கல்சியத்தை வைத்தே. கைக்குழந்தைகளின் இரத்தத்தில் டி-யின் சற்று மாறுபட்ட உருவம் ஒன்றும் இருக்கும். சில அளவீட்டு முறைகள் அதையும் சேர்த்து எண்ணிவிடுவதால் இந்த வயதில் டி இலக்கம் உள்ளதை விடக் கூடுதலாக வரக்கூடும். கல்சியம் அப்படி ஏமாற்றாது. இந்த வயதில் அது ஏறத்தாழ 11 மில்லிகிராம்/டெசிலீற்றர் (2.75 மில்லிமோல்/லீற்றர்) வரை இருக்கலாம். 12ஐத் தாண்டினால் வாட்டில் வைத்து நாளத்தின் வழியே திரவம் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் மேலும் மருந்து கொடுப்பார்கள். 14 என்றால் அவசர நிலை. இரத்தம் எடுக்கும்போது கையை ரப்பர் பட்டியால் நீண்ட நேரம் கட்டி வைத்தாலும் குழந்தை நீரிழந்திருந்தாலும் மொத்தக் கல்சியம் சிறிது கூடித் தெரியும். அல்புமினையும் சேர்த்துக் கேட்பது அதனால்தான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அதில் கல்சியம் குறைவு.

முதல் நாள் கல்சியம் சாதாரணமாக வந்தாலும் அத்தோடு முடிந்துவிடாது. விற்றமின் டி கொழுப்பில் சேர்ந்திருந்து மெதுவாக வெளியே வரும், கல்சியம் சில வாரம் கழித்தும் ஏறலாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வாரத்தில் மறுபடி, பிறகு ஒரு மாதத்தில் ஒரு தடவை கல்சியம் பாருங்கள்.

இனி மகள். அவளுடைய 112-க்கு நீங்கள் அலகு எழுதவில்லை. ஆனால் பக்கத்தில் 30–100 என்ற வீச்சு இருப்பதால் அது நானோகிராம்/மில்லிலீற்றர்தான். இதை ஏன் பார்க்க வேண்டுமென்றால், சில லாப்கள் நானோமோல்/லீற்றரில் கொடுக்கும். அந்த அலகில் 112 என்பது வெறும் 45 நானோகிராம், முழுக்க நல்ல அளவு. நானோகிராமை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல். இரண்டு லாப்களின் ரிப்போர்ட்டை அலகு பாராமல் ஒப்பிட்டுப் பயந்துபோகிறவர்கள் பலர்.

உங்கள் மகளின் 112 நானோகிராம் 280 நானோமோலுக்குச் சமம். 250-ஐத் தாண்டி, கூடவே இரத்தத்தில் கல்சியம் உயர்ந்து, சிறுநீரிலும் கல்சியம் கூடி, கல்சியத்தை ஏற்றும் பாராதைரொய்ட் ஹோர்மோன் அடங்கியிருந்தால்தான் விற்றமின் டி நச்சு என்போம். டி இலக்கம் தனியாக நின்றால் அது எச்சரிக்கை மட்டுமே. அவளுக்கும் அதே பரிசோதனைகளை நாளைக்கோ மறுநாளோ எடுங்கள். தாகம் கூடி இரவில் எழும்பிச் சிறுநீர் கழிக்கிறாளா, வயிறு வலிக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்றிருந்தாலும் நாளை வரை பொறுக்காமல் தம்பியோடு சேர்த்தே கொண்டு போங்கள். இந்த வயதில் சிறுநீரில் கல்சியம்/கிரியேற்றினின் விகிதம் 0.2-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தை ஸ்கான் செய்து பார்ப்பது நல்லது. தம்பியின் வயதில் 0.6 வரையும் சாதாரணம், ஆகவே இருவரின் இலக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். கல்சியம் சரியாக இருந்தால் மருந்து எதுவும் தேவையில்லை. சொட்டுமருந்தை நிறுத்துவதும் தண்ணீர் குடிப்பதும் போதும். டி அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரமாகும், அதிகமாகச் சேர்ந்திருந்தால் இரண்டு மாதமும் ஆகலாம். எனவே ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். வாரா வாரம் டி எடுப்பது பணத்துக்கும் பிள்ளையின் கைக்கும் வீண் செலவு.

வெயிலில் விளையாட விடாமல் அடைத்து வைக்க வேண்டியதில்லை. வெயிலால் மட்டும் யாருக்கும் டி நஞ்சாகாது, மிஞ்சியதைத் தோலே வேறு பொருட்களாக மாற்றி விடும். கல்சியம் கூடியிருந்தால் மட்டும் அது இறங்கும் வரை நடுப்பகல் வெயிலைத் தவிருங்கள்.

இப்போது கம்மி மிட்டாய். உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான், ஏனென்றால் அதில் உள்ள பாதி ‘நோய்’ லாபின் பரிசோதனைக் குழாயிலேயே உருவானதாக இருக்கலாம்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 12 மைக்ரோகிராம். உங்கள் மகள் எடுப்பது 5,000, அதாவது 400 மடங்குக்கும் மேல். பயோட்டின் உடம்புக்கு நஞ்சென்று நிறுவப்படவில்லை, அதற்கு மேல் எல்லையே வகுக்கப்படவில்லை. அது கெடுப்பது பரிசோதனையை. ஹோர்மோன்களையும் சில விற்றமின்களையும் அளக்கும் பல தானியங்கி இயந்திரங்களில், பரிசோதனைப் பொருளைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும் கொளுக்கியும் வளையமுமாகப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையின் இரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிந்தால் அந்த வளையங்களை அதுவே பிடித்துக்கொள்ளும், இயந்திரம் காணும் சமிக்ஞை குறைந்துவிடும். பி12, ஃபோலேட், விற்றமின் டி, தைரொய்ட் ஹோர்மோனான ஃப்ரீ ரீ4 போன்ற சிறிய மூலக்கூறுகளின் பரிசோதனையில் சமிக்ஞை குறைந்தால் இயந்திரம் அதை ‘கூட’ என்று கணக்கிடும். தைரொய்டைத் தூண்டும் ரீ.எஸ்.எச்., பாராதைரொய்ட் ஹோர்மோன், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றின் போன்ற பெரியவற்றில் சமிக்ஞை குறைந்தால் ‘குறைய’ என்று கணக்கிடும்.

உங்கள் மகளின் ரிப்போர்ட்டை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். பி12 கூட, டி கூட, ஃபோலேட் கூட, ஃப்ரீ ரீ4 கூட, ரீ.எஸ்.எச். குறைய. பயோட்டின் குறுக்கிட்டால் எப்படி வருமோ அப்படியே வந்திருக்கிறது. இந்த இலக்கங்களை மட்டும் பார்த்தால் தைரொய்ட் மிகைச் சுரப்பு என்று எவரும் சொல்வார்கள், தைரொய்டை அடக்கும் கார்பிமசோல் மருந்தைத் தொடங்கவும் ஆசை வரும். தொடங்க வேண்டாம். இருந்த இடத்திலேயே இதயம் படபடக்கிறதா, நன்றாகச் சாப்பிட்டும் நிறை குறைகிறதா, கை நடுங்குகிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். எதுவும் இல்லையென்றால் கம்மியை நிறுத்தி ஒரு வாரம் கழித்து ரீ.எஸ்.எச்., ஃப்ரீ ரீ4 இரண்டையும் மறுபடி எடுத்தால் போதும். குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும். இவ்வளவு கூடிய அளவு எடுத்த சின்ன உடம்புக்கு ஒரு வாரம் விட்டால் ரிப்போர்ட்டை நம்பி வாசிக்கலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பயோட்டின் வெளியேற இன்னும் நாளாகும்.

லாபில் இரண்டு கேள்வி கேளுங்கள். “இந்தப் பரிசோதனை பயோட்டின்–ஸ்ட்ரெப்டவிடின் முறையிலானதா?” “உங்கள் கிட்டுடன் வரும் தாளில் பயோட்டின் எந்த அளவு வரை பாதிக்காது என்று இருக்கிறது?” கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியாவிட்டால் ரிப்போர்ட்டில் கையொப்பமிடும் நிபுணரிடம் போகச் சொல்லுங்கள். எல்லா இயந்திரமும் இந்த முறையில் வேலை செய்வதில்லை, சில உற்பத்தியாளர்கள் புதிய கிட்களில் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தும் இருக்கிறார்கள். ஆகவே வேறு முறையில் அளக்கும் இன்னொரு லாபில் எடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். பயோட்டினால் டி பொய்யாகக் கூடித் தெரியும், பாராதைரொய்ட் ஹோர்மோன் பொய்யாகக் குறைந்து தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விற்றமின் டி நச்சு போலவே இருக்கும். அதற்காக “112 பொய்யாக இருக்கலாம்” என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் 14,400 ஐயூ கணக்கு உண்மையானது. உண்மையான அளவு 112-க்குக் குறைவாக இருக்கலாம், ஆனாலும் கூடித்தான் இருக்கும். கல்சியத்தை அளக்கும் முறையில் பயோட்டினுக்கு வேலையில்லை. அதனால்தான் கம்மி வெளியேறும் வரை காத்திராமல் கல்சியத்தை உடனே பார்க்கச் சொல்கிறேன். பாராதைரொய்ட் ஹோர்மோனை ஒரு வாரம் கழித்து எடுத்தால் போதும்.

பி12-க்கும் புற்றுநோய்க்கும் வருவோம். 197–771 என்பது பெரியவர்களுக்கான வீச்சு. சிறு பிள்ளைகளுக்கு பி12 இயல்பாகவே பெரியவர்களை விடக் கூடுதலாக இருக்கும். பி கொம்ப்ளெக்ஸ் சிரப் போகிறது, மோல்ட் பானத்திலும் சேர்த்திருப்பார்கள், கம்மியில் பயோட்டினோடு பி12-உம் இருக்கிறதா என்று லேபலைப் பாருங்கள். இதற்கு மேல் பயோட்டின் குறுக்கீடு. இத்தனை காரணம் கண் முன்னே இருக்கும்போது 1,480-க்கு நோயைத் தேட வேண்டியதில்லை. வாயால் கொடுக்கும் பி12-க்கு மேல் எல்லை இல்லை. ஒரு வேளையில் 2 மைக்ரோகிராம் அளவே குடலின் சிறப்பு வழியால் உள்ளே போகும், மீதியில் நூற்றுக்கு ஒன்று போலத்தான் ஊறும்.

கூகிள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. இரத்தத்தில் பி12-இன் பெரும்பகுதி ஹப்டோகொரின் என்ற புரதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் சில நோய்களில் அந்தப் புரதம் கூடும், கூடவே பி12 இலக்கமும் ஏறும். ஈரல் பாதிக்கப்பட்டாலும் சிறுநீரகம் செயலிழந்தாலும் ஏறும். மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் மாதக் கணக்கில் வீங்கியே இருக்கும் ஓர் அரிய நோயெதிர்ப்புக் கோளாறில் 1,500-க்கு மேற்பட்ட பி12 ஒரு துப்பாகவே பயன்படுகிறது. ஆனால் இவை எதையும் பி12 வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. எஃப்.பி.சி. எனும் இரத்த அணுக் கணக்கு, இரத்தப் படம், ஈரல் பரிசோதனை, கிரியேற்றினின், மருத்துவரின் கை பிள்ளையின் வயிற்றிலும் கழுத்திலும் அக்குளிலும் பட்டுப் பார்ப்பது, இவைதான். டெங்கு வாட்டில் நாளாந்தம் எஃப்.பி.சி. எடுத்திருப்பார்கள். அப்போது வெள்ளணுவும் பிளேற்லெற்றும் குறைந்திருந்தால் அது டெங்குவின் வேலை, அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். இப்போது புதிதாக ஒன்று எடுங்கள். முகம் வெளிறியிருந்தாலோ, காரணமில்லாமல் உடம்பில் கன்றிய தடிப்புகள் வந்தாலோ, காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தாலோ, எலும்பு வலியால் இரவில் எழும்பினாலோ பி12 என்னவாக இருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் சிரப்பையும் கம்மியையும் நிறுத்தி மூன்று மாதம் கழித்து ஒருமுறை பி12 பாருங்கள். ஈரலில் சேமிப்பு இருப்பதால் அவசரப்பட்டுப் பார்த்தால் குறையாமலே இருக்கும். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இன்னும் நாளாகும். எதுவும் கொடுக்காமலும் மூன்று மாதத்துக்குப் பிறகும் 1,500-க்கு மேல் நின்றால் அப்போது இரத்தநோய் நிபுணரிடம் போவது நியாயம். பி12-ஐ எதிர்ப்புரதங்கள் கட்டிப்பிடித்து இலக்கத்தை ஊதிக் காட்டும் தீங்கற்ற நிலை ஒன்றும் உண்டு, அதையும் லாபில் பிரித்துப் பார்க்கலாம்.

ஃபோலேட் ‘20க்கு மேல்’ என்றால் இயந்திரம் எண்ணும் எல்லை அத்தோடு முடிந்தது என்று பொருள். காலையில் குடித்த மோல்ட் பானமே போதும் அதற்கு. இரத்தம் எடுக்கும்போது பிள்ளை திமிறி அணுக்கள் உடைந்தாலும் கூடும், ஏனென்றால் செவ்வணுவுக்குள் இருக்கும் ஃபோலேட் வெளியே இருப்பதைப் போல பல மடங்கு. இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பெக்கேஜில் இல்லாத ஒன்றைப் பற்றி நான் யோசிக்கிறேன்: விற்றமின் ஏ. மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் தயாரிப்பைப் பொறுத்து ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ரெற்றினோல் (விற்றமின் ஏ-யின் உருவம்) இருக்கக்கூடும். 4 முதல் 8 வயதுக்கு மேல் எல்லை நாளுக்கு 900. லேபலில் ஐயூ என்று இருந்தால் 0.3-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம் வரும். அதோடு அந்தக் கரண்டியில் டி-யும் சில நூறு ஐயூ உண்டு, ஏற்கெனவே நிரம்பிய கணக்கில் இன்னும் சேர்கிறது. கம்மியிலும் ஏ இருக்கிறதா பாருங்கள். இதற்கு இரத்தப் பரிசோதனை எடுத்து ஆறுதல் தேடுவதும் சரியில்லை. ஈரலின் சேமிப்பு நிரம்பி வழியும் வரை இரத்தத்தில் ரெற்றினோலை ஈரல் ஒரே மட்டத்தில் வைத்திருக்கும், எனவே சாதாரண இலக்கம் வந்தாலும் மிகை இல்லை என்று சொல்லிவிட முடியாது. லேபலைக் கூட்டிப் பார்ப்பதே மேல். காலையில் தலையிடியோடு சத்தி, பார்வை மங்கல், உதடு வெடித்தல், எலும்பு வலி இருந்தால் கண்ணின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏ மிகை மூளையைச் சுற்றிய அழுத்தத்தைக் கூட்டும். முடிக்கென்று கொடுக்கும் பலவற்றில் ஏ இருக்கிறது, ஏ கூடினால் முடி கொட்டும்! மகனுக்கு மருத்துவமாது கொடுத்த விற்றமின் ஏ மெகா டோஸ் பதிவேட்டில் இருக்கும். அதை எண்ணாமல் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். கரட், பூசணி, பப்பாளி சாப்பிட்டு உள்ளங்கையும் மூக்கும் மஞ்சளாவது வேறு கதை. அது கரோட்டின், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தீங்கில்லை.

இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்கு இடையில் ஒன்று. இத்தகைய பெக்கேஜ்களில் சிலவேளை பி6-உம் வரும். சிரப்பும் கம்மியும் எடுக்கும் பிள்ளைக்கு அது கூடுவதில் வியப்பில்லை. நீண்ட காலம் பெரிய அளவில் எடுத்தால் கைகால் நரம்பு மரத்துப் போகும் என்பதால் நிறுத்திவிட வேண்டும். எதுவுமே எடுக்காத பிள்ளைக்கு பி6 கூடி, ஐந்து வயதுக்கு முன் பாற்பல் வேரோடு விழுந்தும் இருந்தால் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் எவ்வளவு என்று பாருங்கள். அது குறைந்திருந்தால் ஹைப்போபொஸ்பற்றேசியா என்ற பிறவி எலும்பு நோயாக இருக்கலாம். வளரும் பிள்ளைக்கு அந்த நொதியம் பெரியவர்களை விட மிகக் கூடுதலாக இருக்க வேண்டும். பெரியவர் வீச்சை அச்சடித்த ரிப்போர்ட்டில் ‘சாதாரணம்’ என்று வந்து பலமுறை கண்ணில் படாமல் போவது இப்படித்தான்.

உங்கள் மகளின் முடி. ஜூலையில் கடும் காய்ச்சல், ஒக்டோபரில் முடி கொட்டுதல் என்பது கணக்குச் சரியாக வருகிறது. கடும் காய்ச்சலில் ஒரேயடியாக ஓய்வுக்குப் போன முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து விழும். டெங்குக்குப் பிறகு இது மிகவும் காணப்படும். வழுக்கையாக வட்ட வட்டமாக இல்லாமல் தலை முழுதும் பரவலாகக் கொட்டினால் பெரும்பாலும் இதுவே, சில மாதத்தில் தானாக முளைத்து வரும். பயோட்டினுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சோர்வுக்கு ஹீமோகுளோபினும் ஃபெரிற்றினும் பார்க்கலாம். ஹீமோகுளோபின் இப்போது எடுக்கும் எஃப்.பி.சி.யிலேயே வரும், ஆனால் ஃபெரிற்றின் கம்மி நிறுத்தி ஒரு வாரம் கழித்துத்தான். இல்லாவிட்டால் ஃபெரிற்றின் பொய்யாகக் குறைந்து வந்து, அதற்கு இரும்புச் சிரப் ஒன்று புதிதாகத் தொடங்கும்.

ஆக இன்று நிறுத்த வேண்டியவை சொட்டுமருந்து, கம்மி, மீன் ஈரல் எண்ணெய், சிரப். எல்லாப் போத்தலின் பின்பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள், ‘ஒரு வேளைக்கு எவ்வளவு’ என்ற வரி தெரியும்படி. மகனுக்கு டி-யை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்வார். தொடங்கும்போது அக்கா அனுப்பும் வகையே என்றால் ஒரு துளி மட்டும், கரண்டியில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். பழைய உறிஞ்சியை வீசிவிடுங்கள்.

பாலை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மகளின் கல்சியம் சாதாரணமாக வந்தால் நாளுக்கு ஒரு கோப்பை பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் விற்றமின் டி சேர்த்த பால்மாவாக இல்லாமல் சாதாரணப் பசும்பாலாக இருக்கட்டும். கல்சியம் குளிசையும் அமிலத்துக்கான கல்சியச் சிரப்பும் கூடாது. மோல்ட் பானத்தை டி மறுபடி பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள். கல்சியம் கூடியிருந்தால் பால், தயிர், நெத்தலி எல்லாவற்றுக்கும் வாட்டில் உள்ள போசணை நிபுணர் அளவு சொல்வார், அதுவரை வீட்டில் நீங்களாக எதையும் முழுதாக வெட்டிவிட வேண்டாம்.